ஏலத்திற்கு வந்த ஆறு



நாஞ்சில் நாட்டாருக்கு ஏலம் புதிதன்று. குளத்து மீன் ஏலம், தோப்புத் தேங்காய் ஏலம், திருவிழா முடிந்ததும் காணிக்கைப் பொருள்களின் ஏலம், விடியலில் கரையேறும் மீன் ஏலம் என்று ஆண்டு முழுவதும் எங்கேனும் ஒருவர் ‘ஒருதரம், இரண்டுதரம்’ என்று கூவிக்கொண்டுதான் இருக்கிறார். சொல்லே கடல்வழி வந்தது. போர்ச்சுகீசியரின் லெய்லாவ் என்ற சொல் மலையாளத்தில் லேலம் என்றும் தமிழில் ஏலம் என்றும் நின்றது என்பர் மொழியறிஞர். மாவட்டத்தின் மேற்குப் பகுதியினர் வயற்பரப்பை ஏலா என்பார்கள். அச்சொல்லுக்கும் இச்சொல்லுக்கும் உறவில்லை. ஆனால் ஏலாக்கள் மனைகளாகி விலைபேசப்படுவதைக் கண்டவர் காதில் இரண்டும் ஒன்றாக ஒலித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஏலத்திற்கு வந்த ஆறு ஒன்றைப் பற்றியதே இந்த உரை. அந்த ஆறு இங்கில்லை, இங்கிலாந்தில் இருக்கிறது. ஆயினும் அதன் கதையைப் பின்தொடர்ந்து போகிறவர் குமரிமுனைக்கே வந்து சேர்வார்.

2012 ஜூலை 3ஆம் நாள், லண்டன் கிறிஸ்டி ஏல நிறுவனத்தில் ஜான் கான்ஸ்டபிளின் ‘தி லாக்’ என்ற எண்ணெய் ஓவியம் ஏலத்திற்கு வந்தது. 1824இல் தீட்டப்பட்ட படம். அதில் உள்ளது கிழக்கு இங்கிலாந்தின் ஸ்டவர் ஆறு. சுத்தியல் விழுந்து, கட்டணமும் சேர்ந்தபோது விலை 2 கோடியே 24 லட்சம் பவுண்டு. அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 190 கோடி ரூபாய். இதே படத்தை 1824இல், ராயல் அகாதமிக் கண்காட்சி தொடங்கிய நாளிலேயே ஜேம்ஸ் மாரிசன் என்ற துணி வணிகர் 150 கினிக்கு வாங்கியிருந்தார். கினி என்பது 21 ஷில்லிங். அவருடைய குடும்பத்திலேயே 166 ஆண்டுகள் இருந்த படம் 1990இல் சதபி ஏலத்தில் 1 கோடியே 8 லட்சம் பவுண்டுக்குத் தைசன் பிரபுவின் கைக்குப் போயிற்று. பிரபு மறைந்தபின் மாட்ரிட் அருங்காட்சியகத்தில் தொங்கிய அந்தப் படத்தை, பணம் தேவைப்படுகிறது என்று சொல்லி அவருடைய துணைவியார் விற்க முன்வந்தார். அந்த அருங்காட்சியகத்தின் அறங்காவலருள் ஒருவரான நார்மன் ரோசென்தால் இதை ஏற்காமல் பதவி துறந்தார். மக்கள் பார்க்கும் சுவரிலிருந்து ஒரு படத்தை இறக்குவதற்காக ஒருவர் பதவியை விடுகிறார் என்றால், அந்தப் படத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும்.

இருப்பது ஒரு மதகும் அதைத் திறக்கும் ஒரு மனிதனும்.

லாக் என்பது படகுகள் மேல்மட்ட நீரிலிருந்து கீழ்மட்டத்திற்கு இறங்கவும் ஏறவும் ஆற்றில் அமைக்கும் இருகதவுத் தொட்டி. படகு உள்ளே நிற்கிறது. கீழ்க் கதவின் அடைப்பை நெம்புகோலால் உயர்த்தி ஒருவன் நீரை வெளியே விடுகிறான். உடல் முழுவதும் அந்த நெம்புகோலின் மேல் சாய்ந்திருக்கிறது. படகு காத்திருக்கிறது. தூரத்தில் டெட்டம் ஊரின் தேவாலயக் கோபுரம், தலைக்குமேல் நகரும் மேகம். இவ்வளவே படம். நாஞ்சில் நாட்டில் குளத்து மடையைத் திறக்கப் போகும் ஆளைப் பார்த்தவர்களுக்கு அந்த உடம்பின் சாய்வு எவ்வித விளக்கமும் இன்றிப் புரியும்.

கான்ஸ்டபிள் 1776இல் பிறந்தவர். தந்தை கோல்டிங் கான்ஸ்டபிள் ஃபிளாட்ஃபோர்டு என்ற இடத்து மாவுமில்லின் உரிமையாளர். ஆற்றில் தானியப் படகுகளும் அவருக்கு ஓடின. மகன் மில்லில் சில காலம் வேலை பார்த்தார். காற்று எத்திசையில் வீசுகிறது, நீர் எவ்வளவு நிற்கிறது என்பதெல்லாம் அந்த வீட்டில் அன்றாடப் பேச்சு. பிற்காலத்தில் 1821, 1822ஆம் ஆண்டுகளில் அவர் ஹாம்ஸ்டெட் குன்றில் நின்று வானத்தை மட்டும் வரைந்த தாள்களின் பின்புறத்தில் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்து வைத்தார். கன்னிப்பூவுக்கு விதைக்கலாமா என்று வானத்தைப் பார்க்கும் விவசாயியின் பார்வைக்கும் இதற்கும் வேறுபாடு அதிகம் இல்லை.

1819 முதல் 1825 வரை அவர் இந்த ஒரே ஆற்றைப் பற்றி ஆறு பெரிய படங்கள் தீட்டினார். வெள்ளைக் குதிரை, வைக்கோல் வண்டி, தாவும் குதிரை ஆகியவை அவற்றுள் சில. ஆறும் சில மைல் எல்லைக்குள் அடங்கும் இடங்கள். அவர் இத்தாலிக்குப் போகவில்லை. ஆல்ப்ஸ் மலையைத் தேடவில்லை. இன்று உலகம் போற்றும் வைக்கோல் வண்டிப் படம் 1821இல் லண்டனில் காட்சிக்கு வந்தபோது விலைபோகவில்லை. 1824இல் பாரிஸில்தான் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. தன் ஊரை எழுதுகிறவனுக்கு முதல் வாசகன் தன் ஊரில் கிடைப்பதில்லை என்பதை இந்த அவைக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

இடையே ஏலக்காரர்களின் மொழி பற்றி ஒரு சொல். சதபி நிறுவனம் 1744இலும் கிறிஸ்டி 1766இலும் தொடங்கியவை. பழைய ஆங்கில ஆற்றுக் காட்சிகள் என்று அவர்களிடம் வருவனவற்றில் பெரும்பகுதி பெரிய கைகள் தீட்டியவை அல்ல. ஆகவே பட்டியலில் படிநிலைகள் வைத்திருக்கிறார்கள். ஓவியரின் பெயர் மட்டும் இருந்தால் அது அவருடையதே என்பது நிறுவனத்தின் கருத்து. ‘அவருடையதாகக் கருதப்படுவது’ என்றால் ஐயம் இருக்கிறது. ‘பின்பற்றியவர்’ என்றால் அவர் போக்கில் வரைந்த வேறொருவர். ‘இன்னாரின் வட்டம்’ என்றால் அவர் காலத்தில் அவரோடு நெருங்கியிருந்த, பெயர் தெரியாத ஒருவர். வட்டத்தில் இருப்பவருக்குப் பெயர் கிடையாது என்பது ஏலக்காரர்களின் வழக்கு. இந்த வட்டத்தார் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. இந்தச் சொற்கள் எத்தனை நிலையற்றவை என்பதற்கும் சான்றுண்டு. 2013இல் ‘கான்ஸ்டபிளைப் பின்பற்றியவர்’ என்ற குறிப்போடு சால்ஸ்பரி தேவாலயக் காட்சி ஒன்று லண்டனில் 3,500 பவுண்டுக்கு விலைபோயிற்று. வாங்கியவர் அழுக்கை நீக்கினார். 2015 ஜனவரியில் நியூயார்க்கில் அதே படம் கான்ஸ்டபிளின் பெயரிலேயே 52 லட்சம் டாலருக்கு விற்றது. துணியிலுள்ள ஆறும் மேகமும் மாறவில்லை. மாறியவை அழுக்கும் பெயருமே.

இனி அந்தக் குமரிமுனைத் தொடர்பு. 1822இல் ராயல் அகாதமியின் முழு உறுப்பினர் பதவிக்குத் தேர்தல் நடந்தது. கான்ஸ்டபிளும் நின்றார். வென்றவர் வில்லியம் டேனியல். கான்ஸ்டபிள் அப்பதவிக்காக 1829 வரை காத்திருந்து, ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் பெற்றார். தம் ஊரின் சில மைல்களை விட்டு அகலாதவரை, உலகைச் சுற்றி வந்தவர் முந்திக்கொண்டார் என்று சொல்லலாம். அந்த வில்லியம் டேனியலின் பயணத்தில் நம் எல்லையோரமும் அடங்கும்.

தாமஸ் டேனியல் தேம்ஸ் கரையில் 1749இல் பிறந்தவர். வில்லியம் அவருடைய அண்ணன் தம்பி வழியில் மகன் முறை. 1786இல் இருவரும் கல்கத்தாவில் வந்திறங்கியபோது வில்லியமுக்கு வயது பதினேழுக்குள். வடநாட்டைச் சுற்றினார்கள். கல்கத்தா திரும்பி வரைந்த எண்ணெய் ஓவியங்களைக் குலுக்குச் சீட்டில் விற்று, அந்தப் பணத்தில் தென்னாட்டுக்குப் புறப்பட்டார்கள். லாட்டரியில் ஓவியம் என்றால் இன்று வியப்பாகத் தோன்றும். ஏலத்தில் வாங்கும் அளவுக்குப் பணம் படைத்தவர் அன்றைய வெள்ளையர் குடியிருப்பில் சிலரே. சீட்டு வாங்க எல்லோராலும் இயலும். 1792 மார்ச் இறுதியில் சென்னை வந்தார்கள். அதே மாதத்தில்தான் திப்பு சுல்தானோடு சீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. படைகள் போன வழிகள் திறந்திருந்தன, படைத்தலைவர்கள் கைப்பற்றிய மலைக்கோட்டைகளின் படங்களுக்கு வாங்குவோரும் இருந்தனர். பாராமகால் கோட்டைகளையும் மதுரையையும் வரைந்து திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார்கள். தெற்குப் பயணம் முடிந்து 1793இல் சென்னையிலும் படங்களைக் குலுக்குச் சீட்டில் விற்றார்கள். 1794இல் இங்கிலாந்து திரும்பி, 1795 முதல் 1808 வரை ‘ஓரியண்டல் சீனரி’ என்ற தொகுதிகளை வெளியிட்டார்கள். 144 அச்சுப்படங்கள். முழுத்தொகுதியின் விலை 210 பவுண்டு. செப்புத் தகட்டில் பிசின்தூள் தூவி, அமிலத்தால் அரித்து, நீர்வண்ணத்தின் மென்மையைத் தாளில் கொண்டுவரும் அக்வாடின்ட் முறையில் அச்சிட்டுக் கையால் வண்ணம் தீட்டியவை. இன்று அந்தத் தொகுதிகள் பிரிக்கப்பட்டு ஒவ்வொரு தாளாக ஏலத்திற்கு வருகின்றன.

அவற்றுள் நமக்கு நெருங்கியவை மூன்று. பாபநாசம் அருவி, குற்றாலம் அருவி, ‘களக்காட்டருகே நின்று கண்ட குமரிமுனை’. மூன்றாவதன் தலைப்பைப் படித்துவிட்டுக் கடலைத் தேடுகிறவர் ஏமாறுவார். அங்கே மலைதான் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே ஓடி முடிகிற கோடி. மலைக்குக் கிழக்கே நின்று பார்க்கிறார்கள். மலைக்கு இந்தப் பக்கம், அன்று திருவிதாங்கூரின் கார்த்திகைத் திருநாள் மகாராஜா ஆண்ட நாஞ்சில் நாடு, படத்தில் மறைந்திருக்கிறது. தொகுதியின் 144 தாள்களில் பழையாறு ஒன்றில்கூட இல்லை.

இதற்காக டேனியல்களைக் குறைகூறுவது நன்றன்று. கையில் தூரிகையோடு காடும் மேடும் கடந்தவர்கள். கட்டடங்களையும் பாறைகளையும் அவர்கள் அளவு பிசகாமல் வரைந்ததால்தான் பிற்காலத்தில் சிதைந்தவற்றின் பழைய உருவம் இன்று தெரிகிறது. ஆனால் அவர்களுடைய கண் இங்கிலாந்தில் பழகியது. வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் 1782இல் வை ஆற்றின் வழியே படகில் சென்ற அனுபவத்தை நூலாக வெளியிட்டார். ஓவியத்திற்கு ஏற்ற அழகு என்று ஓர் இலக்கணமே அதிலிருந்து கிளைத்தது. முன்புறம் இருண்டிருக்க வேண்டும், நடுவே நீர் மின்ன வேண்டும், பின்னே மலை மங்க வேண்டும், ஓரத்தில் ஒரு மரம் சாய வேண்டும். மனிதர் இருக்கலாம், மலையின் உயரத்தைக் காட்டும் அளவுகோலாக. உழைக்கிற மனிதர் காட்சியைக் கெடுப்பார். பழைய ஆங்கில ஆற்றுக் காட்சிகளில் பெரும்பாலானவை ஒன்றுபோலவே தோன்றுவதற்கு இந்த இலக்கணமே காரணம். பாபநாசத்திற்கு வந்தவர்கள் அந்த இலக்கணத்தையும் உடன் கொண்டுவந்தார்கள். அருவி அதற்கு இசைந்தது. வயல் இசைந்திருக்காது.

பழையாறு எத்தகைய ஆறு என்பதை எண்ணினால் இது தெளிவாகும். சுருளோட்டு மலைப்பக்கம் பிறந்து, பூதப்பாண்டி, நாகர்கோவில், சுசீந்திரம் வழியாக மணக்குடியில் கடலைச் சேர்கிறது. நீளத்தாலோ அகலத்தாலோ யாரையும் மலைக்க வைக்காத ஆறு. ஆனால் அதில் ஓடுவது அதன் நீர் மட்டுமன்று. பறளியாற்றில் பாண்டியன் அணை கட்டி, பாறையை வெட்டிப் பாண்டியன் கால் அமைத்து, மேற்கே போக வேண்டிய நீரை முன்னோர் கிழக்கே திருப்பினார்கள். 1897இல் தொடங்கி 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணையும் பிற்காலத்தில் இந்த அமைப்போடு சேர்ந்தது. ஆற்றிலிருந்து கால், காலிலிருந்து குளம், குளத்திலிருந்து மடை, மடையிலிருந்து பத்து, பத்திலிருந்து அடுத்த குளம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருபோகம். கலப்பையின் பெயரையே தாங்கிய நாட்டில் ஆறு என்பது இயற்கை பாதி, கைவேலை பாதி. நின்று பார்க்கும் வழிப்போக்கனுக்கு அங்கே காட்சி எதுவும் இல்லை. எந்த மடை எப்போது திறக்கும் என்று அறிந்தவனுக்கே அது காட்சி.

கான்ஸ்டபிள் செய்தது அதைத்தான். ஸ்டவர் ஆறும் கதவும் கரையும் கட்டி, படகு ஓடும்படி ஆக்கிய ஆறு. அவர் கதவை மறைக்கவில்லை, நெம்புகோலை நீக்கவில்லை. தமிழ்த் திணை மரபு அறிந்தவர் அந்தப் படத்தின் முன் நின்றால், நிலமும் பொழுதும் முதற்பொருள், மரமும் படகும் தொழிலும் கருப்பொருள் என்று வழக்கம்போலப் பிரித்துப் பார்த்துவிடலாம். மருதத்திற்கு இலக்கணம் வகுத்த நம் முன்னோர் ஆளில்லாத ஆற்றை நினைத்ததே இல்லை. கில்பினைவிடக் கான்ஸ்டபிள் அவர்களுக்கு நெருங்கியவர். வேடிக்கை என்னவென்றால், அந்த நெம்புகோல்காரனுக்காகத்தான் இன்று கோடிகள் கொட்டப்படுகின்றன. 1822இல் வாக்களித்த கலைஞர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். கான்ஸ்டபிளும் வில்லியம் டேனியலும் 1837ஆம் ஆண்டிலேயே, சில மாத இடைவெளியில் மறைந்தார்கள்.

சரி, வெளியார் வரையவில்லை. உள்ளூரார்? திருவிதாங்கூருக்கு ஓவியப் பஞ்சம் இருந்ததில்லை. பத்மநாபபுரம் அரண்மனையின் சுவர்களே சாட்சி. பின்னாளில் கிளிமானூரிலிருந்து ரவிவர்மா வந்தார். அவருடைய நிழலில் அதிகம் பேசப்படாமல் போனவர் தம்பி ராஜராஜவர்மா. 1860இல் பிறந்து 1905இல் மறைந்தவர். தமையனின் படங்களுக்குப் பின்புலம் தீட்டித் துணைநின்றதோடு, தனியே நிலக்காட்சிகளும் வரைந்தார். ஆங்கில ஓவியங்களையும் நூல்களையும் ஊன்றிக் கற்றவர், ஆங்கிலத்தில் நாட்குறிப்பும் எழுதினார். இருந்தும் பழையாற்றின் மதகு ஒன்றை எண்ணெய் வண்ணத்தில் பார்க்கும் பேறு நமக்கு வாய்க்கவில்லை. அரண்மனைகள் கேட்டது உருவப் படங்களையும் புராணக் காட்சிகளையும். மடையைத் திறப்பவனின் படத்தை வாங்க இங்கே ஒரு மாரிசன் இல்லை. மாரிசன் என்ற பெயருக்கு நம் ஊரில் வேறு பொருள் உண்டு என்பது இருக்கட்டும்.

ஆகவே இந்த நாட்டில் ஆறும் குளமும் தங்கியிருப்பது சொல்லில்தான். எட்வின் ஆர்னால்டையும் பிட்ஜெரால்டு வழியே உமர் கய்யாமையும் தமிழுக்குக் கொண்டுவந்த கவிமணி, தேரூரில் 1876இல் பிறந்தவர். பெரிய குளத்து ஊர் அது. சுந்தர ராமசாமி 1966இல் வெளியிட்ட ‘ஒரு புளியமரத்தின் கதை’யில், மரத்தைச் சுற்றிக் கிடந்த குளம் தூர்க்கப்படுவது நாவலின் தொடக்கப் பகுதியிலேயே வந்துவிடுகிறது. குளம் போனபின் மரம், மரம் போனபின் நினைவு. நாகர்கோவிலில் பெயரளவில் நிற்கும் குளங்களை எண்ணிப் பார்க்கிறவர் அந்தப் பக்கங்களைக் கற்பனை என்று ஒதுக்க மாட்டார். கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் படகு ஓடுவதற்காக 1860களில் வெட்டிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயும் பல இடங்களில் தூர்ந்து கிடக்கிறது. அதில் சரக்கு வள்ளம் போன காட்சியும் வண்ணத்தில் நமக்குக் கிடைக்கவில்லை.

ஃபிளாட்ஃபோர்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மில்லும் வைக்கோல் வண்டிப் படத்தில் தெரியும் வில்லி லாட் என்ற குடியானவரின் வீடும் இன்று தேசிய அறக்கட்டளையின் பாதுகாப்பில் இருக்கின்றன. அங்கே செல்வோர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஓவியர் நின்ற இடத்தைத் தேடி நிற்கிறார்கள். படம் ஆற்றைக் காத்தது. முதலில் படம், பிறகு பாதுகாப்பு. இங்கே சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகள் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. பறவைகளால் கிடைத்த பெருமை. கூழைக்கடாவும் பூநாரையும் செய்ததை நம் ஓவியர்கள் செய்யவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பட்டியல் குளத்தைக் குறிக்குமே தவிர, எந்த மடை எந்தப் பத்துக்கு நீர் கொடுத்தது என்பதைக் குறிக்காது.

அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். மடைக்குப் பெயர் உண்டு, காலுக்குப் பெயர் உண்டு, குளத்தின் ஒவ்வொரு கரைக்கும் பெயர் உண்டு. நிலம் மனையாகும்போது பத்திரத்தில் சர்வே எண் மட்டும் தங்கி, பெயர் விழுந்துவிடுகிறது. வட்டத்தின் பதினோராம் ஆண்டில் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளலாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊர்க் குளம் ஒன்றைத் தேர்ந்து, அதன் மடைகளின் பெயர்களையும் அவை பாய்ந்த பத்துகளின் பெயர்களையும் கடைசியாக அந்த மடையைத் திறந்து மூடியவரின் பெயரையும் கேட்டு எழுதி வரலாம். பெயரோடு நாளும் எழுதப்பட வேண்டும், சொன்னவரின் வயதும் எழுதப்பட வேண்டும். கவிதை பிறகு வரட்டும். கும்பப்பூ அறுவடை முடிந்த கையோடு போனால், பெரியவர்களுக்கும் பேசப் பொழுது இருக்கும்.